குனிஞ்ச தலைக்காரிகளின் இரைச்சல்

இரைச்சல் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடி வைத்துவிடலாம். எனக்கு வருத்தமில்லை. நான் கடல் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்குப் போனதே இரைச்சலுக்காகத்தான்.

மலேசியாவில் ஈப்போ என் ஊர். வார நாட்களில் சலவை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். நாங்கள் வாசிப்பது ஷூகேஸ் (shoegaze) என்கிற வகை. கிட்டார் சத்தத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாடுகிற குரலை அதற்குள் மூழ்கடித்துவிடும் இசை. காலடியில் வரிசையாகக் கிடக்கும், சத்தத்தை மாற்றும் பெடல்களை மிதிக்க வேண்டியிருப்பதால் வாசிப்பவர்கள் குனிந்தே நிற்பார்கள். சொந்த ஷூவையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்களே என்று வெள்ளைக்காரர் யாரோ கிண்டலாகச் சொன்னது அந்த இசைக்கே பெயராக ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஆதி குருமார்கள் லண்டனில் இல்லை, கள்ளக்குறிச்சியில் இருக்கிறார்கள். குழுவின் பெயர் ‘குனிஞ்ச தலை’. மூன்று பெண்கள், ஒரே ஒரு கேசட், அதில் ஆறு பாட்டு. கேசட்டின் பெயர் ‘மும்முனை’. அதோடு கலைந்துவிட்டார்கள். பிற்பாடு யாரோ அதை இணையத்தில் ஏற்ற, ஜகார்த்தாவிலும் ஒசாகாவிலும் சிலி நாட்டிலும் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் காப்பி அடிக்கிறார்கள். நாங்களும்தான். கேசட்டின் மூன்றாவது பாட்டுக்குத் தலைப்பே கிடையாது, வார்த்தையும் புரியாது. ‘வானம் உருகும்’ என்று எங்கள் காதில் விழுந்தது. ஈப்போ மேடைகளில் அதையே பல வருடமாக உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தோம். இப்போது அதை முறையாகப் பதிவு செய்யப்போகிறோம். சரியான வார்த்தையைக் கேட்டு வருவது என் வேலை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் எனக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. இந்த ஊரில் ஷூகேஸ் பிறக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நாலு பக்கமும் ஏர் ஹாரன், அதற்கு மேல் ஊர்ப்பெயரைக் கூவும் நடத்துநர்கள், அதற்கும் மேல் ஒரு அம்மன் பாட்டு. ஈப்போவில் யாராவது ஹாரன் அடித்தால் பெரிய சண்டைக்கு அர்த்தம். இங்கே அது ‘சௌக்கியமா’ என்று கேட்பது மாதிரி.

கிட்டார்காரி பர்வீனை அவர் கடையில் பார்த்தேன். அவருடைய அத்தா நடத்திய மைக் செட் கடை இப்போது அவர் கையில் இருக்கிறது. கூரை வரைக்கும் பாக்ஸ் ஸ்பீக்கர்கள், சுவர் ஆணியில் சீரியல் பல்புச் சரங்கள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மலேசியாலேர்ந்து இந்த சத்தத்துக்கா வந்தீங்க? இன்னாக்கா, அங்க சத்தமே கெடையாதா?”

“இருக்கு. ஆனா சுத்தமான சத்தம்” என்றேன்.

“சுத்தமா இருந்தா அது எப்படி சத்தம்?” என்று சிரித்துவிட்டு என்னைப் பரோட்டா சாப்பிட அழைத்துப் போனார். எங்கள் ஊர் ரொட்டி சானாயை விரல் நுனியால் கிள்ளிப் பருப்புக் குழம்பில் தொட்டுக்கொள்வோம். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன் தலையில் சால்னாவை வாளியிலிருந்து ஊற்றி, நனையாத துண்டு ஒன்றுகூட இல்லாமல் பிசைகிறார்கள். முதல் வாயிலேயே என் தேசப்பற்று ஆட்டம் கண்டது.

சாப்பிட்டபடியே குழுவுக்குப் பெயர் வந்த கதையைப் பர்வீன் சொன்னார். முதல் கச்சேரி தியாகதுருகத்தில் ஒரு கோயில் திருவிழாவில். மைக் செட் இவர்களுடையது என்பதால் மேடையும் கிடைத்தது.

“கோயில் மேடைல செருப்பு போட்டுக்கினு ஏறக் கூடாது. வெறுங்கால்ல பெடல மிதிச்சிக்கினு நின்னோம். மூணு பேருமே நிமிரல. முன் வரிசைல உக்காந்திருந்த பெரிய மனுஷங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? ‘எம்மாம் அடக்கமான பொண்ணுங்க, குனிஞ்ச தல நிமிரல பாரு’ன்னாங்க! காது கிழியற மாதிரி வாசிச்சிக்கினு இருக்கோம், இவங்க அடக்கத்த பாக்கறாங்க. சால்வ வேற போத்தினாங்க.”

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஷூகேஸ் குழுவுக்கு அடக்க ஒடுக்கத்துக்காகச் சால்வை போர்த்தியிருக்க மாட்டார்கள். நான் சிரித்த சிரிப்பில் சால்னா புரை ஏறிவிட்டது.

“அந்த மூணாவது பாட்டு?” என்றேன்.

“அதுல ‘வாங்க’, ‘உக்காருங்க’ன்னு ரெண்டு வார்த்ததான் வெளிய கேக்கும். வரவேற்புப் பாட்டுன்னு நெனச்சிக்கினாங்க. ஒருத்தர் மைக்க புடிச்சி நன்றியே சொன்னாரு.”

‘வாங்க, உக்காருங்க’ என்பதைத்தான் நாங்கள் ‘வானம் உருகும்’ ஆக்கியிருக்கிறோம். பல வருட உருக்கம் அந்தப் பரோட்டாக் கடையில் ஒரு நொடியில் ஆவியாகிப் போனது.

“மிச்ச வார்த்தை?”

“எனுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அது அஞ்சல எழுதிப் பாடின பாட்டு. அவ கரியாலூர்ல இட்லிக்கடை வச்சிக்கினு கீறா. நாளான்னிக்கி வெள்ளிமலைல ஒரு காதுகுத்துக்கு செட்டு ஏத்திக்கினு போறேன். நீங்களும் வாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். “அவகிட்ட இன்னொரு சங்கதியும் பேச வேண்டி கீது.”

சங்கதி இதுதான். சென்னையில் ஒரு கம்பெனி ‘மும்முனை’யை மறுபடி வெளியிடப் போகிறதாம். கணினி மென்பொருளை வைத்து அந்த இரைச்சலிலிருந்து அஞ்சலையின் குரலை மட்டும் உரித்து எடுத்துவிட்டார்கள். கிட்டாரைப் பின்னால் தள்ளி, குரலை முன்னால் வைத்து, ‘சுத்தம் செய்த’ பதிப்பாகக் கொண்டுவரத் திட்டம். மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். டிரம்ஸ் வாசித்தவர் திருப்பூரிலிருந்து ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டார். குரல் மட்டும் உள்ள ஃபைல் பர்வீனிடம் வந்திருக்கிறது. அஞ்சலைக்கு இன்னும் தெரியாது.

“கேக்கறீங்களா?”

“வேண்டாம். அவங்க கேக்காததை நான் முதல்ல கேக்கக் கூடாது” என்றேன். உள்ளே எனக்குக் கோபம் கொதித்தது. கறிக்குழம்பில் காரத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று எவனாவது சொல்வானா? ஆனால் பர்வீனின் கண் கலங்கியிருந்தது. “அவ கொரல தனியா கேட்டு நான் அழுதுட்டேன்க்கா” என்றார். அவர் வெளியிடலாம் என்ற பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. அதனால் இன்னொரு பரோட்டா கேட்டேன்.

மறுநாள் பர்வீனுக்குக் கடையில் வேலை. நான் தனியாகத் தியாகதுருகத்துக்குப் புறப்பட்டேன். திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் காற்றில் அசந்து தூங்கி, கண் விழித்தபோது தென்பெண்ணை ஆறு தெரிந்தது. தியாகதுருகம் எப்போதோ பின்னால் போயிருந்தது. “எழுப்பக் கூடாதா?” என்று நடத்துநரிடம் சண்டைக்குப் போனேன். “நல்லா தூங்கிக்கினு இருந்தீங்க, எழுப்ப மனசு வர்ல” என்றார். மலேசியாவில் எந்தப் பேருந்திலும் என்மேல் இவ்வளவு பாசம் காட்டியதில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

நான் தேடிப் போனது பர்வீன் அடையாளம் சொல்லி அனுப்பிய ஒரு சிமெண்ட் தொட்டியை. தியாகதுருகம் மலைக்கோட்டை கண்ணில் படுகிற தூரத்தில், ஒரு கரும்புக் காட்டின் ஓரம், மோட்டார் கொட்டகையை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் இல்லாத கோடையில் அந்தத் தொட்டிக்குள் குழாய் ஸ்பீக்கரை இறக்கி, அதில் கிட்டாரை அலறவிட்டு, எதிர் மூலையில் மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். ‘மும்முனை’யின் அந்தப் பிரம்மாண்டமான முழக்கம் எந்த ஸ்டுடியோ கருவியில் வந்தது என்று இணையத்தில் அடிதடியே நடக்கும். கருவி இதுதான், ஒரு மூலையில் பாசி பிடித்து நிற்கிறது.

இன்னொரு மர்மமும் உண்டு. அந்தப் பாட்டுகளில் சுருதி திடீரென்று எகிறி, மறுபடி மெல்ல வழுக்கி இறங்கும். ஒசாகாவில் அந்த வழுக்கலுக்காகவே விலை உயர்ந்த பெடல் வாங்குகிறார்கள். பர்வீன் சொன்னபடி, உண்மையில் அது வோல்டேஜ். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில்தான் பதிவு; வந்ததும் அக்கம்பக்கத்துக் காடுகளில் எல்லா மோட்டாரையும் போட்டுவிடுவார்கள். வோல்டேஜ் படுத்துவிடும், கேசட் ரெக்கார்டரும் மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்; அப்படி எடுத்ததைச் சாதாரண வேகத்தில் போட்டால் சுருதி எகிறும். மற்றவர்களாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி எடுத்திருப்பார்கள். இந்த மூவரும் ‘அதுதான் நல்லா கீது’ என்று வைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் மேதைமை.

தொட்டிக்குள் தலையை விட்டு ‘ஓ’ என்று கத்திப் பார்த்தேன். அதே முழக்கம். களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார்.

“இன்னாம்மா, எதுனா உள்ள உழுந்துட்ச்சா?”

“இல்லம்மா, சத்தம் கேட்டேன்.”

“நீதான கத்தின?” என்று சொல்லி, என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடியே போனார்.

அடுத்த நாள் காலையில் மலைக்குப் புறப்பட்டோம். குட்டியானை என்று இங்கே செல்லமாக அழைக்கப்படும் சிறிய சுமை வண்டி. பின்னால் தார்ப்பாய் மூடிய ஸ்பீக்கர்கள், முன்னால் பர்வீன் ஸ்டியரிங்கில், பக்கத்தில் நான். கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதையின் வளைவுகள் ஆரம்பித்தன. நாலைந்து வளைவு ஏறியதும் எஞ்சின் சூடாகிப் புகைந்தது. நான் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். அதே சமயம் கயிறு தளர்ந்து ஒரு ஸ்பீக்கர் சரிய, அதை என் முதுகால் தாங்கிக்கொண்டு நின்றேன். காட்டு மரங்களுக்கு நடுவே, காதுகுத்து வீட்டு ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு, நானும் பர்வீனும் பெரிதாகச் சண்டை போட்டதும் அங்கேதான்.

“வார்த்த கேட்டா இன்னா தப்பு? இம்மாம் வருஷம் அவ இன்னா பாடினான்னு யாருக்கும் தெரியாமயே போச்சி. அத நெனச்சா எனுக்கு வயிறு எரியுது” என்றார் பர்வீன்.

“சத்தமும் அவங்க எழுதினதுதானே? உங்க கிட்டாரையே எடுத்துட்டுப் போட்டா உங்களுக்குச் சம்மதமா?”

“அவளுக்காக எடுத்தா எடுத்துக்கட்டும்!”

எஞ்சின் ஆறுகிற வரைக்கும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கரியாலூரில் காற்றே வேறு. அருவிக்குப் போகிற பாதையில் தகரக் கூரை போட்ட கடை, வெளியே நாலு பிளாஸ்டிக் நாற்காலி. உலகத்துப் பிள்ளைகள் தெய்வமாகக் கும்பிடுகிற அஞ்சலை, இட்லிக் குண்டானிலிருந்து ஆவி பறக்கத் துணியை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஈப்போ கதையெல்லாம் சொல்லி முடித்ததும், “மொதல்ல துன்னுங்க” என்று அவித்த மரவள்ளிக் கிழங்கையும் மிளகாய்ச் சட்னியையும் வைத்தார். எங்கள் ஊரில் மரவள்ளி என்றால் ஜப்பான்காரன் ஆண்ட காலத்துப் பஞ்சம்தான் நினைவுக்கு வரும், விருந்தாளிக்கு வைக்க மாட்டார்கள். நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரு முதியவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அஞ்சலையின் அப்பா கோவிந்தன். தியாகதுருகத்தில் வாழ்நாள் முழுக்கக் கூலி வேலை செய்தவர்.

“அங்க இருந்தா அப்பா நின்னுக்கினேதான் இருப்பாரு. இங்க வந்தாதான் உக்காருவாருன்னு இட்டாந்துட்டேன்” என்றார் அஞ்சலை.

பர்வீன் ஒரு வழியாகக் கம்பெனி விஷயத்தைச் சொன்னார். அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு, “போடு, கேப்பம்” என்றார். கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டினார் பர்வீன். கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. மெல்லிய ஒரு பெண் குரல் மட்டும்.

*யாருங்க அது, ஓரமா நிக்கறது*
*கோவிந்தனுங்களா, வாங்க*
*சேரு காலியாத்தான் கீது*
*உக்காருங்க, உக்காருங்க.*

அவ்வளவுதான் மொத்தப் பாட்டு. இதையே திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்.

அஞ்சலை என்னிடம்தான் பேசினார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அங்க அப்பாவ பொடிப் பசங்ககூட ‘டேய் கோயிந்தா’ன்னுதான் கூப்புடுவானுங்க. ஒருத்தன் வாங்கன்னு சொன்னதில்ல, ஒருத்தன் உக்காருங்கன்னு சொன்னதில்ல. அன்னிக்கி முன் வரிசைல உக்காந்திருந்தது அப்பா கூலிக்குப் போன வூட்டு ஆளுங்கதான். அப்பா ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு. அவனுங்க சொல்ல வேண்டியத அவனுங்க மூஞ்சிக்கி நேரா நான் சொன்னேன். அவனுங்க எனுக்கு சால்வ போட்டானுங்க.”

அந்த இடத்தில் என் அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார். ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் காவலாளி. அறுபது தாண்டியவரைக் கார் கண்ணாடியை இறக்கி ‘தம்பி’ என்று கூப்பிட்டு கேட்டைத் திறக்கச் சொல்வார்கள், அவர் பேரன் வயசுப் பிள்ளைகளும் அப்படித்தான். எங்கள் நாட்டில் அது தமிழ்க் கூலிக்காரனுக்கு மற்றவர்கள் வைத்திருக்கிற பொதுப் பெயர். ‘வானம் உருகும்’ என்று நான் பாடித் திரிந்த பாட்டு இதுவென்று தெரிந்ததும், எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

“வெளியிடலாமா அஞ்சல?” என்றார் பர்வீன்.

“யாரு இது, இப்பிடி பயந்துக்கினு பாடறது?” என்று கேட்டார் அஞ்சலை. “தனியா கேட்டா நடுங்குது பாரு. என் கொரலு சின்னது. அதுக்குதான அம்மாம் பெரிய சத்தத்த சுத்திக் கட்டினோம்? அதுக்குள்ள நின்னுக்கினுதான் எனுக்கு தைரியம் வந்துது. அத எடுத்துட்டா, பயந்தவ மட்டும்தான் மிச்சம். வேணாம்.”

அப்போதுதான் பின்னாலிருந்து தட்டுச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தோம். கோவிந்தன் ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தார்.

“யாரு என் பேர சொன்னது?”

அஞ்சலை தலையைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருடத்தில் பாட்டின் வரிகளை அப்பாவிடம் அவர் சொன்னதே இல்லை. ஊரோடு சேர்ந்து கோவிந்தனும் அது வரவேற்புப் பாட்டு என்றே நினைத்திருக்கிறார். பர்வீன்தான் மறுபடி போட்டார். கிழவர் முழுசாகக் கேட்டார். முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு மகளிடம் கேட்டார்:

“ஏம்மா, இம்மாம் மெதுவா சொல்ற?”

“மெதுவா சொல்லலப்பா. சத்தத்த எடுத்துட்டாங்க.”

“பாத்தியா அஞ்சல,” பர்வீன் விடவில்லை, “சத்தத்த எடுத்தாதான அப்பாவுக்கே கேட்டுது? இன்னமும் மறைக்கணுமா?”

நியாயமான கேள்வி. அஞ்சலை தடுமாறினார். நானும்தான். இரைச்சலுக்காக மலை ஏறி வந்தவள், அந்த நிமிஷம் கட்சி மாறிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அதற்குள் கம்பெனியிலிருந்து அழைப்பே வந்துவிட்டது. பர்வீன் ஸ்பீக்கரில் போட்டார். மரியாதை தெரிந்த இளைஞன் குரல். “அக்கா, கேட்டீங்களா? வார்த்தை புரிஞ்சாத்தான் ஜனங்ககிட்டப் போய்ச் சேரும். சத்தத்தைக் கொஞ்சமா கம்மி பண்ணிக்கலாம், சரின்னு சொல்லுங்க.”

அஞ்சலை வாயைத் திறப்பதற்குள் கோவிந்தன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“நான் கோவிந்தன் பேசறேன்.”

“யாரு?”

“பாட்டுல வர்றவரு” என்றார் பர்வீன்.

“சொல்லுங்க சார்” என்றான் இளைஞன்.

“சார்ங்கறது ஆபீசுல எல்லாருக்கும் சொல்றது. பாட்டுல எப்பிடி கீதோ அப்பிடி சொல்லு.”

இளைஞன் திணறியது எங்களுக்குக் கேட்டது. “வாங்க... வாங்க கோவிந்தன்” என்றான்.

கிழவர் ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டார். “எம்பொண்ணு சொன்னத நான் கேட்டுட்டேன். எனுக்கு அது போதும். மத்தவனுங்களுக்கு ஏன் சுளுவா கேக்கணும்? காத தீட்டிக்கினு கேக்கட்டும். சத்தத்துல கை வைக்காத.” எழுந்திருக்கப் போனவர் மறுபடி குனிந்து கைப்பேசியிடம் சொன்னார்:

“ஜாஸ்தி வேணா பண்ணிக்க.”